கூலியோடு ஊற்றிய சாராயம்

நாங்கள் இருளர். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே ஒரு சவுக்குத் தோப்பில் நைனாவும் அம்மாவும் மரம் வெட்டினார்கள். தோப்பு ஓரத்திலேயே குடிசை. மதுவிலக்குக் காலம்தான், ஆனாலும் சாயந்திரம் தோப்புக்காரர் கூலி நெல்லை அளந்து போட்டுவிட்டு ஆளுக்கொரு தம்ளர் சாராயமும் ஊற்றுவார். உடம்பு வலி போகும் என்பார். குடித்தவன் வேறெங்கும் வேலைக்குப் போகமாட்டான் என்பது அவர் கணக்கு. அம்மா தன் பங்கையும் நெல்லாகவே கேட்டுப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே அவள் தம்ளரையும் நைனாவிடம் நீட்டினார். நைனா வாங்கிக்கொண்டார்.

குடிக்காத நாளில் அவரைப் போல மனுஷர் கிடையாது. என்னைத் தோளில் வைத்துக்கொண்டு ஏரிக்கரை முழுக்க நடப்பார். அப்படிப்பட்ட நாட்கள் குறைந்துகொண்டே வந்தன.

ஒரு பொங்கலுக்கு முந்தின நாள் எங்கிருந்தோ வந்த புதுச் சரக்கைத் தோப்புக்காரர் ஊற்றினார். மறுநாள் வெயில் நன்றாக ஏறியும் நைனா எழவில்லை. அம்மா உலுக்கி எழுப்பியதும் உட்கார்ந்து, கையால் சுவரைத் தடவினார்.

"இன்னா, இன்னும் விடியலையா?"

அம்மா அவர் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினாள். கண் அசையவில்லை. என்னை வெளியே போகச் சொன்னாள். வெளியே நின்றபோது, உள்ளே அவள் அழுவது கேட்டது.

ஆஸ்பத்திரியில் பார்வை திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். சில நாளில் தோப்புக்காரர் அம்மாவை வேலைக்குக் கூப்பிட்டார். சாயந்திரம் மறுபடி தம்ளரை நீட்டினார்.

"எனக்கு நெல்லு மட்டும் குடுங்க. இல்லாகாட்டி வேலையே வேணாம்."

குடிசையைக் காலி செய்யச் சொன்னார். செய்தோம்.

அப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகளுக்குக் கட்டடம் எழும்பத் தொடங்கியிருந்தது. அம்மா சித்தாளாக மண் சுமந்தாள். நைனாவை ஒரு புளியமரத்தடியில் உட்கார வைத்துவிட்டுப் போவாள். அதற்குள் அரசாங்கமே சாராயக்கடையைத் திறந்திருந்தது. குருடன் என்று இரக்கப்பட்டு யாராவது வாங்கிக் கொடுப்பார்கள். கொடுக்காதீர்கள் என்று அம்மா ஒவ்வொருவரிடமும் கெஞ்சினாள், சண்டை போட்டாள். ஒரு கட்டத்தில் அதையும் விட்டுவிட்டாள்.

ஒரு மழைக்காலத்தில் நைனா செத்துப்போனார். அடக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் குழியில் ஊற்ற ஒரு பாட்டில் கொண்டுவந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தயங்கினார்கள்.

"ஊத்துங்க," என்றாள். "அதுக்குத்தானே ஏங்கிக்கினு கெடந்தாரு."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தாள். பிடி வலித்தது. நான் இழுத்துக்கொள்ளவில்லை.