கடைசித் தகரம்

செமின் கிரனியே ஊரில் ஜினெட் உட்கார்ந்து பார்த்தேன் என்று எவனாவது சொன்னால் அவன் புளுகுகிறான். அவள் சாப்பிடுவதுகூட நின்றுகொண்டுதான். பூசையில் ஊரே முழந்தாளிட்டிருக்கும்போது இவள் மட்டும் தூணோரம் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பாள். பாதியில் வெளியே போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். கிணற்றில் என்ன இருக்கிறது? தண்ணீர்தான் இருக்கிறது. அது அவளுக்கும் தெரியும்.

கோயிலின் பீடத் துணிகளையும் சாமியாரின் வெள்ளை அங்கியையும் துவைத்துத் தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை. கரி போட்டு ஊதும் இஸ்திரிப்பெட்டி. அங்கி பளபளவென்று மடிந்து கிடக்கும்; மறுபடி பிரித்துத் தேய்ப்பாள். அதன்பிறகு இன்னொரு தடவை. பக்கத்து வீட்டு ஜோசெட் வேலி மேல் கையூன்றிக் கேட்பாள்: "ஏண்டி, அந்தத் துணி உனக்கு என்ன பாவம் பண்ணிச்சு?"

பாவம் என்ற சொல்லைக் கேட்டாலே ஜினெட்டுக்குச் சுருக்கென்றிருக்கும்.

அவள் கொள்ளுத்தாத்தா இந்தத் தீவுக்குக் கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர். தாத்தா ஞானஸ்நானம் வாங்கினார். அப்பாவு என்ற பேர் மட்டும் குடும்பப் பேராக ஒட்டிக்கொண்டு நின்றது. அண்ணே, தங்கச்சி, மாமா, அத்தை தவிர மற்றத் தமிழெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. வீட்டில் தீவின் பேச்சுமொழியான கிரியோல், கோயிலில் பிரெஞ்சு. இங்கேதான் வந்தது வினை.

பதினோரு வயதில், முதல் நற்கருணைக்கு முன், கன்னியாஸ்திரீ ஒருவர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் மரக்கூண்டு போன்ற தொட்டியில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைக் கற்றுக்கொடுத்தார். "தொட்டிக்குள்ளே போய் கிரியோலில் உளறக் கூடாது. மரியாதையாகப் பிரெஞ்சில் சொல்லணும்." சொல்ல வேண்டிய பாவங்களையும் அவரே கொடுத்தார்: பொய் சொன்னேன், கோபப்பட்டேன், காலை ஜெபத்தை மறந்தேன், அப்பா அம்மா சொல் கேட்கவில்லை. ஜினெட் அதைக் கிளிப்பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்தாள். நாற்பத்திரண்டு வயதிலும் அதே நாலு பாவம்தான். அப்பா செத்துப் பதினைந்து வருஷம், அம்மா செத்துப் பத்து வருஷம். இவளோ மாதாமாதம் போய் அப்பா அம்மா சொல் கேட்கவில்லை என்று ஒப்பித்துக்கொண்டிருந்தாள். கேட்ட சாமியார்களும் தலையாட்டி அனுப்பினார்கள். அவர்கள் பாதித் தூக்கத்தில் இருந்தார்களோ என்னவோ!

ஐந்தாவது பாவம் ஒன்று இருந்தது. அது பட்டியலில் இல்லை. அதைச் சொல்ல எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மொழி தெரியாதது பாதி, சொல்ல நெஞ்சு துணியாதது பாதி. நான் என்னத்துக்கு மறைக்க வேண்டும்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் ஆகஸ்ட். தீவு முழுக்கக் கரும்புத் தோட்டங்களில் கொந்தளிப்பு. கூலிக்காரர்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். அங்கங்கே கரும்பு எரிந்தது. ஜினெட்டுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒரு தோட்டத்துத் துரை பங்களாவில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவன் பேர் போல், அதே தோட்டத்துக் கூலி. ஒரு சாயங்காலம் அவன் சட்டைக் கை கருகி வந்து நின்றான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. சட்டையை வாங்கித் துவைத்தாள். கருகின சட்டைக் கையை வெட்டித் தைத்தாள்.

மறுநாள் துரையும் போலீஸ்காரரும் சமையற்கட்டு வாசலுக்கு வந்தார்கள். "நேத்து இந்தப் பக்கமாய் யார் போனது? நீ பார்த்திருப்பியே. அந்தப் போல்தானே போனான்?"

போலின் பேரை அவர்கள் வாயால் கேட்டதும் அவளுக்குக் கருகின சட்டைதான் கண்ணில் நின்றது. "இல்லை, மருதை போனார்" என்றாள்.

ஏன் மருதை? அவர் தினமும் அந்தப் பக்கம் மாட்டுக்குப் புல்லறுக்கப் போவார், அவ்வளவுதான். நாக்கில் முதலில் வந்த பேர். தாயும் மகனுமாய் இரண்டே பேர் உள்ள குடும்பம். வழியில் பார்த்தால் "என்ன தங்கச்சி" என்று சிரிக்கிற மனுஷன். போலீஸ்காரர் எழுதி நீட்டிய வாக்குமூலத்தில் ஜினெட் கையெழுத்துப் போட்டாள். கரும்புக்குத் தீ வைத்தார் என்று மருதைக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல்.

நாலாம் மாதம் மருதையின் தாய் செத்துப்போனாள். அவளுக்குக் கொள்ளிச்சட்டி ஏந்தியவர் தெருக்கோடிக்காரர் ஒருவர். ஜினெட் அதைப் பங்களா ஜன்னலிலிருந்து பார்த்தாள். கையில் இஸ்திரிப்பெட்டி இருந்தது. துரையின் சட்டை கருகி நாற்றம் வந்த பிறகுதான் கீழே பார்த்தாள்.

அன்றிலிருந்துதான் அவளால் உட்கார முடியவில்லை.

மருதை திரும்பி வந்தார். எந்தத் தோட்டமும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை, எவரும் பெண் கொடுக்கவுமில்லை. சிறையில் கற்ற தச்சுவேலை சோறு போட்டது. ஊர் அவருக்கு டிஃபே என்று பேர் வைத்தது, கிரியோலில் நெருப்பு. சின்னப் பிள்ளைகூட டிஃபே என்றுதான் கூப்பிடும். அவர் அதற்கும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். காட்டிக்கொடுத்தது யாரென்று அவருக்குத் தெரியாது. ஜினெட் போலைக் கட்டிக்கொண்டாள். பதினேழு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேரும் குடித்தனம் நடத்தினார்கள். போல் குடித்துக் குடித்து ஈரல் வெந்து செத்தான். அவள் தனியாக நின்றாள், வழக்கம்போல் நின்றுகொண்டே.

அறுபதாம் வருஷம் பிப்ரவரி கடைசியில் கரோல் புயல் வந்தது. தீவையே புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. ஜினெட் வீட்டுச் சுவர்ப் பலகைகள் தப்பின. கூரைத் தகரம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மூன்றாம் நாள் மருதை ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கரும்புக்குள் கிடந்த தகரங்களைப் பொறுக்கி, நெளிவெடுத்து, தலைச்சுமையாகக் கொண்டுவந்திருந்தார்.

"யார் உங்களைக் கூப்பிட்டது, அண்ணே?" என்று ஜினெட் சீறினாள்.

"யார் கூப்பிடணும் தங்கச்சி? தனியா இருக்கிறே. ஆணியை எடுத்துக் குடு."

இரண்டு நாள் வேலை நடந்தது. அவர் மேலே, அவள் கீழே. அவர் தட்டுகிற ஒவ்வொரு தட்டும் அவள் மண்டையில் இறங்கியது. சாப்பாடு போட்டாள், பருப்பைத் தட்டுக்கு வெளியே கொட்டினாள். இரண்டாம் நாள் உச்சிப்பொழுதில் ஒரே ஒரு தகரம்தான் பாக்கி. மருதை வாயில் நாலைந்து ஆணியைக் கடித்துக்கொண்டு, உற்சாகமாகக் கடைவாயால் பேசினார்: "இந்தச் சுத்தியலைப் பிடிக்க எங்க கத்துக்கிட்டேன் தெரியுமில்லே? உள்ளே போனதிலே இது ஒண்ணுதான் லாபம். இல்லேன்னா இன்னைக்கு உன் கூரையை யாரு போடுறது?"

ஜினெட்டுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"நிறுத்துங்க! நிறுத்துங்க அண்ணே! உங்களை உள்ளே அனுப்பினது நான்தான். அந்தத் தீயை வெச்சவன் என் புருஷன். கேட்டாங்க, நான் உங்க பேரைச் சொன்னேன். கையெழுத்தும் போட்டேன்."

மருதை வாயில் ஆணி. சுத்தியல் ஓங்கின கை ஓங்கினபடி நின்றது. பிறகு ஒவ்வொரு ஆணியாக வாயிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். அவசரமே இல்லாமல் இறங்கி வந்தார்.

"நான் வெக்காத தீக்கு உள்ளே கிடந்தேன்" என்றார். குரல் உயரவில்லை. "எங்கம்மாவுக்கு நான் ஏந்த வேண்டிய தீயை எவனோ ஏந்தினான்."

ஏணியைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

கடைசித் தகரம் சுவரில் சாய்ந்து கிடந்தது. கட்டிலுக்கு நேர் மேலே ஓட்டை. அதன் வழியே வானம் தெரிந்தது. கடல் பக்கமிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. இதுதான் எனக்குத் தீர்ப்பு, மூடாமல் கிடக்கட்டும் என்று நினைத்தாள். கட்டிலை இந்த மூலைக்கு இழுத்தாள், அந்த மூலைக்கு இழுத்தாள், கடைசியில் பழைய இடத்திலேயே விட்டாள். இருப்புக் கொள்ளவில்லை.

விடிந்ததும் கோயிலுக்கு ஓடினாள். கோயிலுக்கும் பாதிக் கூரைதான். புதிதாக வந்திருந்த சாமியார், பிரான்ஸ்காரர், நனைந்த பெஞ்சுகளை வெயிலுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். அவள் தொட்டி வரைக்கும் போகவில்லை. பெஞ்சுக்குப் பக்கத்திலேயே முழந்தாளிட்டு, கிரியோலில், மூச்சு விடாமல், ஐந்தாவது பாவத்தைக் கொட்டினாள். அன்று அங்கே நடந்ததை அவளே பின்னால் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். ஆகவே நான் சொல்வதில் தப்பில்லை.

சாமியார் தட்டுத்தடுமாறிய கிரியோலில் கேட்டார்: "அந்த மனுஷனிடம் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் சாமி. மன்னிக்கலை. போயிட்டாரு."

"ஊர் இன்னும் அவரைத்தானே குற்றவாளிங்குது? அதைச் சரிசெய்யணும். பாவப்பரிகாரமா மூணு அருள்நிறை மரியே ஜெபம் சொல்லு." பாவமன்னிப்பு கொடுத்துச் சிலுவை வரைந்தார்.

ஜினெட் துள்ளி எழுந்தாள். "மூணா? இருபத்திமூணு வருஷத்துக்கு மூணா? என்ன சாமி விளையாடுறீங்க? தீவோட அந்தக் கோடியிலே இருக்கிற சாந்த் குருவா கோயில் வரைக்கும் முழங்காலால் போகச் சொல்லுங்க. பட்டினி கிடக்கச் சொல்லுங்க!"

"இந்த மன்னிப்பு உன் உழைப்புக்குக் கூலி இல்லை, ஜினெட்" என்றார் சாமியார். "விலைக்குக் கொடுக்கிறதாயிருந்தால் உன்னால் வாங்கவே முடியாது. கடவுள் சும்மா கொடுக்கிறார். வாங்கிக்கிட்டுப் போ."

அவள் கோபத்தோடுதான் வெளியே வந்தாள். மூன்று அருள்நிறை மரியேயும் கால்மணி நேர நடையிலேயே முடிந்துவிட்டன. இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததை நம்ப முடியாமல் வழியெல்லாம் முனகிக்கொண்டே நடந்தாள்.

வீட்டருகே வந்தபோது சுத்தியல் சத்தம் கேட்டது.

மருதை கூரை மேலிருந்தார். கடைசித் தகரம் பாதி பொருத்தியாகிவிட்டது. கண்கள் இரத்தச் சிவப்பு. அவளைப் பார்க்கவில்லை.

"அண்ணே... மன்னிச்சுட்டீங்களா?"

"இல்லை, மதாம் போல்." தங்கச்சி என்று சொல்லவில்லை, போலின் மனைவி என்றார். "நெஞ்சு எரியுது. ராத்திரி பூரா எரிஞ்சுது. இன்னும் எத்தனை நாள் எரியுமோ. ஆனா மழை வருது. ஆணி குடு."

அவள் ஆணி டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏணியடிக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து ஜோசெட், நிவாரண அரிசி வாங்கின பத்துப் பன்னிரண்டு பேரோடு தெருவில் வந்தாள். மேலே பார்த்துச் சிரித்தபடி கேட்டாள்: "என்ன டிஃபே, இன்னும் முடியலையா?"

ஜினெட் திரும்பினாள். இடுப்பில் ஆணி டப்பா, நெற்றியெல்லாம் வியர்வை.

"அவர் பேரு மருதை!" என்று கத்தினாள். தெருவே நின்றுவிட்டது. "கேட்டுக்கோங்க எல்லாரும். கரும்புக்குத் தீ வெச்சது அவரில்லை. வெச்சது என் புருஷன். பொய்ச்சாட்சி சொல்லி அவரை உள்ளே தள்ளினது நான். இந்த ஜினெட். இனிமே எவ வாயிலாவது அந்த டிஃபேங்கிற பேரு வந்துது, நடக்கிறதே வேற!"

ஜோசெட்டின் தலையிலிருந்த அரிசி மூட்டை சரிந்தது, அவள் பிடிக்கவில்லை. கூரை மேல் சுத்தியல் நின்றது. ஜினெட்டுக்கு மேலே பார்க்கப் பயம். ஏணியின் கீழ்ப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

முதல் தூறல் தகரத்தில் விழுந்தது. மேலேயிருந்து ஒரு கை நீண்டது.

"போதும் கத்தினது" என்றார் மருதை. "ஆணி குடு, தங்கச்சி."