இரண்டாவது கொன்ரோலர்

என் கணவரின் பெயருக்குள் ஒளிந்துகொண்டு, அவருடைய அண்ணனை மாதக்கணக்காக ஏமாற்றி வருபவள் நான்தான்.

சொல்லிவிட்டேன். இனி என்னைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்... இதைக் கேட்க எனக்கு வேறு ஆளில்லை.

எல்லாம் ஒரு ரீவி கேமில்! சிரிப்பு வருகிறதா? எனக்கே சில வேளைகளில் வருகிறது. இரண்டு பிள்ளை பெற்றவள், பாலர் பாடசாலையில் ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுப்பவள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து டாங்கி ஓட்டுகிறாள்!

முதலில் இந்தச் சகோதரர் இருவரையும் பற்றிச் சொல்ல வேண்டும். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இரண்டும் ஒரே அச்சில் வார்த்த பிடிவாதம்.

சண்டை கொஞ்சம் ஓய்ந்து, தெற்கே போகும் பாதை திறந்த காலத்தில் அவர்களுடைய தகப்பனார் கொழும்பிலிருந்து ஒரு ரீவி கேம் வாங்கி வந்தார். கசற்றைக் கழற்றி, வாயால் ஊதி, மறுபடி செருகினால்தான் படம் தெரியும். அதற்கு இரண்டு கொன்ரோலர்கள். முதலாவது மூத்தவருக்கு. இரண்டாவது இளையவருக்கு, அதாவது என் கணவருக்கு. அந்த இரண்டாவதில் இடப்பக்கப் பொத்தான் கொஞ்ச நாளிலேயே செத்துப்போனது.

விளையாட்டு இதுதான். திரையின் அடியில், செங்கல் சுவருக்குள் ஒரு சின்னக் கோட்டை. மேலிருந்து எதிரி டாங்கிகள் இறங்கி வரும். இரண்டு பேரும் சேர்ந்து கோட்டையைக் காப்பாற்ற வேண்டும். இடப்பக்கம் போக முடியாதவன் என்ன செய்வான்? ஆசைப்பட்டு வலப்பக்கம் போனால் திரும்பி வர வழியில்லை. குண்டு பட்டுச் செத்துத்தான் பழைய இடத்துக்கு வரலாம். ஆகவே என் கணவர் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரே கோட்டில் மேலும் கீழுமாகக் காவல் நிற்பார். மூத்தவர் திரை முழுவதும் சுற்றி வேட்டையாடுவார். அப்படியே வளர்ந்தார்கள்.

பிறகு மூத்தவர் கனடாவுக்குப் போனார். நான் உடுவிலில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன். கலியாணமான புதிதில் இவர் எனக்கும் விளையாடப் பழக்கினார். அண்ணனின் நல்ல கொன்ரோலரைத் தான் எடுத்துக்கொண்டு பழுதானதை என்னிடம் நீட்டினார். புருசன்மாரின் புத்தியைப் பாருங்கள்! நானும் அந்தக் கோட்டைப் பக்கத்திலேயே ஏறி இறங்கப் பழகிக்கொண்டேன்.

ஒரு மாரிகாலத்தில் மாமா இறந்தார். தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டும். உடலை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். வேலையில் லீவு தரமாட்டார்களாம் என்று கனடாவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அவ்வளவுதான். கொள்ளியை இவர் வைத்தார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அந்த ரீவி கேமைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டார். அன்றிலிருந்து அண்ணன் என்ற சொல் அவர் வாயில் வந்ததில்லை.

நான் எத்தனையோ தடவை கதைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்.

"லீவு இல்லையாம். அவருக்கு லீவு கிடைக்கும்வரை அப்பா சாகாமல் இருந்திருக்கவேணும், என்ன?"

போன வருடம், ஊருக்கு வந்த ஒருவரிடம் மூத்தவர் புதிய கேம் பெட்டி ஒன்று கொடுத்தனுப்பினார். தட்டையான, பளபளப்பான சாமான். உள்ளே பழைய விளையாட்டுகள் அத்தனையும், அந்த டாங்கி உட்பட. கனடாவில் அவரிடம் இருப்பதும் அதேதான், இணையத்தால் சேர்ந்து விளையாடலாம். தம்பியின் பெயரில் ஒரு கணக்கும் தானே திறந்து வைத்திருந்தார். இவர் பெட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கென்றால் இருக்கட்டும், என்னை இழுக்காதேயும் என்றார்.

ஞாயிறு காலையில் இவர் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போய்விடுவார். பிள்ளைகள் அறநெறி வகுப்புக்குப் போய்விடுவார்கள். அப்படி ஒரு காலையில் தூசி துடைக்கத்தான் போனேன்... சத்தியமாகத் துடைக்கத்தான்! பிள்ளைகள் அணைக்காமல் விட்டுப்போன திரையில் ஒரு வரி வந்து நின்றது.

"தம்பியோ?"

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நல்ல மனிசராக அணைத்துவிட்டுப் போயிருப்பீர்கள். நான் கொன்ரோலரை எடுத்து, எழுத்து எழுத்தாகத் தேடி, "ஓம்" என்று அனுப்பினேன். மைக் பழுது என்று அடுத்த பொய்யையும் சேர்த்து அனுப்பினேன்.

விளையாட்டுத் தொடங்கியது. புதிய கொன்ரோலரில் இடப்பக்கம் வெண்ணெய் போல வேலை செய்யும். ஆனால் என் பெருவிரல் அந்தப் பக்கம் போனால்தானே! பழகிய பழக்கத்தில் கோட்டைக்குப் பக்கத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். ரீவியிலிருந்து மூத்தவரின் குரல் வந்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

"நீதான்டா. இன்னும் காவலிலைதான் நிக்கிறாய்."

அந்த இடத்திலாவது நிறுத்தியிருக்க வேண்டாமா? நிறுத்தவில்லை! அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்ததும் போனேன். தம்பியின் மனம் இளகட்டும், அதுவரை ஒரு நூலைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று எனக்கு நானே வியாக்கியானம் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு அந்த ஒரு மணித்தியாலம் பிடித்திருந்தது. உப்புக் கூட, புளி குறைய என்று யாரும் சொல்லாத ஒரு மணித்தியாலம். "அப்பிடித்தான், விடாதை" என்று ஒருவர் என்னைப் பாராட்டுகிற ஒரு மணித்தியாலம். அந்தப் பாராட்டும் எனக்குரியதல்ல என்பது வேறு கதை.

பிறகு ஒரு நாள், கோட்டையைச் சுற்றிக் குண்டு பறந்துகொண்டிருக்கையில், அவர் சொல்லத் தொடங்கினார்.

"லீவு எண்டது பொய்யடா தம்பி. அப்ப என்னட்டை இஞ்சை இருக்கிறதுக்குப் பேப்பர் இல்லை. அகதிக் கேஸ் தோத்துப்போச்சு. வெளிக்கிட்டால் திரும்பி வரேலாது. பேப்பர் கிடைச்சிட்டுது எண்டு அப்பாவுக்கு முந்தியே சொல்லிப்போட்டன். அவர் அதைக் கேட்டுச் சந்தோசப்பட்ட சந்தோசம்... பிறகு எந்த முகத்தோடை மாத்திச் சொல்லுறது?"

என் டாங்கி அப்படியே நின்றது. கோட்டை உடைந்துபோனது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

பார்த்தீர்களா என் நிலையை? இத்தனை வருடம் இந்த வீட்டை அரித்த கேள்விக்குப் பதில் என் காதில் வந்து விழுந்துவிட்டது. கேட்க வேண்டிய மனிசன் வெங்காயப் பாத்தியில் தண்ணீர் மாற்றிவிட்டுக்கொண்டிருக்கிறார்! நான் யாரிடம் போய்ச் சொல்ல? எப்படித் தெரியும் என்று கேட்டால் எதைச் சொல்ல?

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மெல்லத் தொட்டுப் பார்த்தேன். ஒருவேளை அந்த நேரம் அவருக்குப் பேப்பர் கிடைக்காமல் இருந்திருக்குமோ என்றேன். இவர் பிட்டைப் பிசைந்த கையை நிறுத்தினார். பேப்பர் கிடைத்ததென்று அப்பாவே ஊரெல்லாம் கற்கண்டு கொடுத்தவர் என்றார். உமக்கென்ன தெரியும் என்று கேட்டுவிட்டு மறுபடி பிசையத் தொடங்கினார்.

எனக்கென்ன தெரியும்! எனக்குத் தெரிந்ததில் பாதி இவருக்குத் தெரிந்திருந்தால் இந்த வீடு எப்போதோ நிமிர்ந்திருக்கும். கத்தவேண்டும் போல வந்தது. தட்டைக் கழுவி வைத்தேன்.

போன மாதம் மூத்தவர் குண்டைப் போட்டார். மாமாவின் திவசத்துக்கு வரப்போகிறாராம். இப்போது அவருக்குப் பேப்பர் எல்லாம் சரியாம்.

இனியும் மறைப்பது பாவம் என்று முடிவெடுத்தேன். ஆனால் நான் எப்படிப்பட்ட கோழை என்று பாருங்கள்... வாயால் சொல்லத் துணிவில்லை. டாங்கியால் சொல்லப் பார்த்தேன்! வேண்டுமென்றே இடப்பக்கப் பொத்தானை அழுத்தினேன். என் டாங்கி கோட்டையைத் தாண்டி, அவருடைய பக்கத்துக்கே போய் நின்றது. அவருடைய தம்பி ஒருநாளும் செய்யாத காரியம். இப்போதாவது "ஆர் நீ?" என்று கேட்கமாட்டாரா?

அவருடைய டாங்கி சுடுவதை நிறுத்தியது.

"பட்டனைத் திருத்திப்போட்டியோ?" என்றார். "இவ்வளவு காலமும் வீட்டைக் காத்தது நீயடா. வந்து கொஞ்ச நாள் நான் நிக்கிறன். வரட்டோ?"

கடவுளே! இந்த மனிசருக்கு எதைக் காட்டினாலும் தம்பிதான் தெரிகிறானா?

"நான் தம்பி இல்லை" என்று எழுதினேன். கடைசி எழுத்து வரை எழுதினேன். அனுப்பும் பொத்தானில் விரலையும் வைத்தேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

"ஓம்" என்று மட்டும் அனுப்பினேன்.

நாளைக்குத் திவசம். மூத்தவர் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி வாகனம் பிடித்து வந்துகொண்டிருக்கிறார். விடிய வந்து படலையைத் தட்டுவார், தம்பி ஓடிவந்து கட்டிப்பிடிப்பான் என்ற நினைப்போடு. என் வாய் இன்னும் திறக்கவில்லை.

இன்று பின்னேரம் இவர் கத்தியோடு வாழையடிக்குப் போகும்போது என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சருமப்பா, எத்தினை இலை வெட்டுறது?"

"போன முறையை விட ஒண்டு கூட வெட்டுங்கோ."

"ஆருக்கு?"

இதுதான் இடம் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிகிறது. அவர் கத்தியோடு நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிழிஞ்ச இலை ஏதும் வந்தால் மாத்தத்தான்" என்றேன்.

அவர் ஒன்று கூட வெட்டிக்கொண்டு வந்தார். துடைத்து, குசினி மூலையில் தனியாகச் சாத்தி வைத்திருக்கிறேன். நல்ல இலை, ஒரு கிழிசல்கூட இல்லை.