கொட்டியாவும் வவுலாவும்

அம்மாவுக்குச் சிங்களம் தெரியும். மரக்கறிக்கடைச் சிங்களம். வெண்டிக்காய் முற்றல், தேங்காய் அழுகல், நாளைக்கு வாறன். கொழும்பு ஜிந்துப்பிட்டியில் அதற்கு மேல் தேவைப்படவில்லை.

அக்கா கம்பஸில் விலங்கியல் முடித்திருந்தா. தெற்குக் காட்டில் சிறுத்தைகளை ஆராய்ந்த பேராசிரியர் ஒருவர் அவவைத் தன்னோடு வேலைக்குக் கேட்டிருந்தார். அதில் நுழைந்தால் மேற்படிப்பு, பிறகு காட்டு வேலையிலேயே ஒரு நிரந்தர இடம். அக்காவுக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்.

"இவ்வளவு படிச்சுப்போட்டு மிருகத்துக்குப் பின்னால திரியப் போறாளாம்" என்றார். காட்டுக்கென்று சப்பாத்து வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

எங்கள் வீட்டில் சிறுத்தை என்று யாரும் சொல்வதில்லை. புலிதான். அலுமாரிக்கு மேல் அதன் காலடி ஒன்று இருந்தது. கம்பஸில் இருந்து காட்டுக்குப் போனபோது, ஈரமண்ணில் இருந்த தடத்தில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, காய்ந்ததும் அக்கா எடுத்து வந்தது. என் உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்ப்பேன். காலடிதான் பெரிது.

திங்கள் விடிய ஜீப் புறப்பட இருந்தது. ஞாயிறு காலை எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் பொலிஸ் செக்கிங் வந்தது. எங்கேயோ குண்டு வெடித்திருந்தது. அக்கா குழாயடியில் நின்றா. கட்டி வைத்திருந்த பையைக் காட்டி, மகள் எங்கே போகிறாள் என்று இளம் பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார். அம்மா பெருமையாகச் சொன்னா:

"கெலேட்ட யனவா மாத்தயா. கொட்டியா பலன்ன."

காட்டுக்குப் போகிறாள், புலி பார்க்க.

அந்த மிருகத்துக்குச் சிங்களத்தில் திவியா என்றும் ஒரு பெயர் உண்டு. மரக்கறிக்கடையில் அது அடிபடாது. அந்த யுத்த நாட்களில் தமிழ் வீட்டில் கொட்டியா என்றால் பொலிசுக்கு ஒரே கொட்டியாதான். அது தோளில் துவக்கு வைத்திருக்கும்.

பையைக் கொட்டினார்கள். பைனாகுலர், காட்டின் வரைபடம், ஒரு பொதி வெள்ளை மாவு. இளையவர் மாவை மணந்து பார்த்தார். அக்கா வாளியோடு ஓடி வந்தா.

"திவியா சேர், திவியா!"

கூட வந்த வயதான பொலிஸ்காரர் சிரித்தார். தமிழிலேயே கேட்டார்: "அம்மா கொட்டியா எண்டுதானே சொன்னா?"

வாளியை இறக்கி வைக்கச் சொல்லி அக்காவை ஏற்றிக்கொண்டு போனார்கள். அலுமாரிக் காலடியும் போனது.

பேராசிரியர் வந்து சொன்ன பிறகுதான் அக்காவை விட்டார்கள். அதற்குள் ஜீப் போய்விட்டது. அடுத்த முறை கட்டாயம் வா என்றார் அவர். அக்கா தலையாட்டினா. அடுத்த முறை வந்தது. போகவில்லை.

அம்மாவோடு சண்டை பிடிக்கவில்லை. கொஞ்ச நாள் சும்மா இருந்தா. பிறகு, பொழுதுபடுகிற நேரம் பூங்கா மரங்களுக்குக் கீழே போய் அண்ணாந்து நிற்கத் தொடங்கினா. வௌவால் பார்க்க.

"அம்மா, இனி ஆரும் கேட்டா வவுலா எண்டு சொல்லுங்க. தமிழுக்கும் சிங்களத்துக்கும் பெரிய வித்தியாசமில்ல. பிழை வராது."

அம்மா வெங்காயம் உரித்தபடி சொல்லிப் பார்த்தா. வவுலா. வவுலா.

அந்த வவுலாதான் அக்காவைத் தூக்கி விட்டது. இன்றைக்கு வௌவால் பற்றி அறிய வேண்டுமென்றால் எங்கெங்கோ இருந்து அவவைத் தேடி வருகிறார்கள். ஏன் வௌவாலைப் பிடித்தீர்கள் என்று கேட்டால், கொழும்பிலேயே தொங்குது, தேடிப் போகத் தேவையில்லை என்று சொல்லுவா. சிரிப்பார்கள்.

நானும் சிரித்தேன், அப்போது, சின்னப் பிள்ளையாக. எங்கட அக்கா புலிக்குப் பயந்தவ என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன். ஒருநாள் அவவிடமே கேட்டேன்.

"புலிக்குப் பயந்துதானே போகேல்ல?"

அக்கா அந்தச் சப்பாத்துகளைத் துடைத்துப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தா.

"ஓம்" என்றா.

நான் விரல்களை நகம்போல மடக்கி, அவவின் முகத்துக்குக் கிட்டப் போய் உறுமினேன்.