நான் மாற்றி அடித்த பக்கம்

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த ஃபேக்டரிக்கு ராணுவத்துக்கான உதிரிபாக ஆர்டர் கிடைத்ததும் அதற்கென்று தனி ஷெட் போட்டார்கள். அதற்குள் நுழைய, போலீஸ் விசாரணை முடிந்து தனி பாஸ் வாங்க வேண்டும். அந்த விண்ணப்பங்களை நிரப்பி வாங்குவது எச்.ஆரில் இருந்த என் வேலை.

சேரப்பணஞ்சேரிக்கார ஆபரேட்டர் ஒருவர், 'உங்கள் மீது எப்போதாவது வழக்கு உண்டா?' என்ற கேள்வியில் பேனாவை நிறுத்தினார்.

"பத்தொம்போது வயசுல செம்புக் கம்பி திருடி மாட்டிக்கினேன்க்கா. கோர்ட்டுல ஃபைன் போட்டாங்க. எழுதணுமா?"

"எழுதுங்க. பழைய கேஸுக்காக வேணாம்னு சொல்ல மாட்டாங்க. மறைச்சாதான் வம்பு."

ஸ்டேஷன் பெயர், வருஷம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் மேனேஜர் அந்தப் பக்கத்தை என் மேஜையில் விட்டெறிந்தார். "திருடன உள்ள வெச்சிருக்கோம்னு நாமளே எழுதிக் குடுக்கணுமா? 'இல்லை'ன்னு மாத்தி அடிச்சு கையெழுத்து வாங்கு. அவன் இல்லாம புது ஷெட்டுல மெஷின் ஓடாது."

என் வேலை அப்போது இன்னும் நிரந்தரமாகவில்லை. மாற்றி அடித்தேன். அவர் மெஷின் இருந்த லைனுக்கே போய், "ஒரு பக்கத்துல டீ கொட்டிடுச்சு, திரும்ப அடிச்சிருக்கேன், கையெழுத்துப் போட்டுக் குடுங்க," என்றேன். அவர் கையுறையைக் கழற்றி, படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

"நீங்க குடுத்தா சரியாத்தான்க்கா இருக்கும்."

விசாரணை அதிகாரி வந்த அன்று மேனேஜர், ஆபரேட்டர், நான் மூவரையும் மீட்டிங் ரூமில் உட்கார வைத்தார். "ஸ்டேஷன் ரெக்கார்டுல இருக்கற கேஸ் ஒண்ணும் பெருசில்ல. ஒத்துக்கிட்டிருந்தா பாஸ் குடுத்திருப்பேன். கையெழுத்துப் போட்டுப் பொய் சொல்றவரை எப்படி உள்ள விடறது?"

"நான் எழுதித்தான் சார் குடுத்தேன். அக்காவ கேளுங்க."

மேனேஜர் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "ஃபைல்ல இருக்கறதுதான் சார் எங்களுக்கு வந்தது."

ஆபரேட்டர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. நம்ப முடியாமல் பார்த்தார்.

பாஸ் கிடைக்கவில்லை. பொய்த் தகவல் தந்ததாக அவரை வேலையை விட்டே நீக்கினார்கள். அந்தக் கடிதத்தையும் நான்தான் அடித்தேன். அன்று கேன்டீனில் மேனேஜர் எதிரே உட்கார்ந்து சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "திருட்டு புத்தி எங்க போகும்?" என்றார். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அந்த ஆளைவிட என் மேல்தான் எனக்கு அதிக அருவருப்பு.

ஆபரேட்டர் முதலில் எழுதிய பக்கத்தைக் கிழிக்க மனம் வராமல் டிராயரில் போட்டிருந்தேன். பத்து நாள் கழித்து அதை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போய், நடந்ததை எழுதிக் கொடுத்தேன். எனக்கிருந்த ஷெட் பாஸும் ரத்தானது, வேலையும் போனது. மேனேஜரை வேறு யூனிட்டுக்கு மாற்றியதோடு சரி. ஆபரேட்டரைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"திருடனது நான்தான்க்கா. அத நான் எங்கயும் மறைக்கல. பொண்ணு பாக்கப் போனப்பவே எம் பொண்டாட்டிகிட்ட சொன்னேன். என்னைப் பொய்யன் ஆக்கனது நீங்க."

"திரும்ப வேலைக்குப் போறீங்கல்ல?"

"போய்த்தானே ஆவணும். வூட்ல ரெண்டு பசங்க கீதுங்க."

துணியை உதறிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நான் படப்பைக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன்.