தோள் வரைக்கும் வந்த படம்

போன வாரம் கொட்டகலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். நல்ல மழை. பக்கத்தில் நின்ற பெண் வீடியோவில் கணவனோடு பேசிக்கொண்டிருந்தாள். படம் ஒரு கணம் உறைந்தது. "ச்சே, நெட்டு சுத்துது" என்று அலுத்துக்கொண்டாள். அவளுடைய நனைந்த ரெயின்கோட்டின் வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

நஜீம் நானாவின் கொமியுனிகேஷன் கடை அது. முன்னால் போன் பேசக் கண்ணாடிக் கூண்டு, பின்னால் ஒரு கணினி, அதைக் கவனித்துக்கொள்ள நான். ஏதோ சஞ்சிகையோடு இலவசமாக வந்த சீடித் தட்டிலிருந்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸை ஏற்றியிருந்தேன். ஏற்றிய நாளிலிருந்து என் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. அப்போதெல்லாம் இன்டர்நெட் போன் லைன் வழியாகத்தான் வரும். லைனையும் கணினியையும் இணைக்கும் மோடம் முதலில் கீச்சிடும், பிறகு கரகரக்கும், பிறகு ஓர் இரைச்சல், பிறகு அமைதி. அந்த அமைதியில் திரையில் ஓர் எண் விழும். அதுதான் வேகம். 33600 என்று விழுந்துவிட்டால் அன்றைக்கு நான்தான் ராணி.

நீங்கள் சிரிக்கக் கூடாது, அதற்கென்று ஒரு நோட்டுக் கொப்பியே வைத்திருந்தேன். ஒரே கோப்பைத் தினமும் இறக்கி, கைக்கடிகாரத்தில் வினாடி பார்த்து, வகுத்து எழுதுவேன். லினக்ஸ் எதையும் ஒளிக்காது. எப்போது இணைந்தது, எப்போது அறுந்தது என்று எல்லாவற்றையும் சொல்லிவிடும். நானும் இந்த அமைப்பை மாற்றி, அந்தக் கட்டளையைத் திருத்தி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவேன். நானா எட்டிப் பார்த்து, "லைனு சும்மாதான் இருந்திச்சி, நீங்கதான் புள்ள அதப் போட்டு நோண்டுறீங்க" என்பார்.

அந்த மழைக்காலத்தில்தான் பார்வதியக்கா வந்தார். தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வருவார். ஈரப் படங்கின் வாடையும் பச்சைக் கொழுந்தின் வாடையும் கடைக்குள் நிறையும். மகள் செல்வி குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தாள். அங்கிருந்து திரும்பிய ஒருத்தி, செல்வியின் கையில் கொதிக்கிற எண்ணெய் கொட்டிவிட்டதாகச் சொல்லியிருந்தாள். போனில் கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்றுதான் பதில். அக்கா பிடிவாதமாகக் கேட்டு ஈமெயிலில் ஒரு படம் அனுப்ப வைத்திருந்தார்.

"வாயி பொய் சொல்லும் தங்கச்சி. எனக்குக் கையப் பாக்கணும்."

படம் மேலிருந்து கீழாக இறங்கும். வகிடு, நெற்றி, சிரிப்பு, கழுத்து, தோள். தோளுக்கு வந்ததும் லைன் அறுந்துவிடும். மறுபடி வகிட்டிலிருந்து. நாலு நாள் இப்படி. நான் விடுவேனா? இன்னும் வேகமாக இறக்கிவிட்டால் அறுவதற்குள் முடிந்துவிடும் என்று கொப்பியும் கையுமாக வேகத்தை ஏற்றிக்கொண்டே இருந்தேன். அக்கா மறுநாளும் வந்து உட்கார்ந்திருப்பார். எனக்கோ அவமானமாக இருக்கும்.

ஐந்தாம் நாள் செல்வியே கடைக்குப் போன் எடுத்தாள். கூண்டுக்குள்ளிருந்து அக்கா கத்துவது கேட்டது. "அவசரப்படாத புள்ள, எரையுது, ஒண்ணும் வெளங்கல. மெதுவாப் பேசு. ஒவ்வொண்ணாச் சொல்லு."

அதே லைன், அதே மழை. இரைச்சலில் அவசரப்பட்டால் லைன் அறுந்துதான் போகும் என்று என் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா போனை வைத்ததும், 9600க்கு மேல் போகாதே என்று மோடத்துக்குக் கட்டளை எழுதினேன். கொப்பியில் எழுத வெட்கமாக இருந்தது.

வகிடு வர ஒரு யுகம் ஆனது. நெற்றி. சிரிப்பு. தோள் வந்தபோது இருவரும் திரையை நோக்கிக் குனிந்தோம். தோளையும் தாண்டியது. வலது கை வந்தது. முழங்கை, ஒற்றை வளையல், ஐந்து விரல்கள், எல்லாம் நன்றாகவே இருந்தன. இடது கை முழங்கை வரை வந்தது. அதற்குக் கீழே முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"இன்னுங்கொஞ்சம் எறக்குங்க தங்கச்சி."

"இவ்வளவுதாங்க அக்கா. முழுசா வந்திருச்சு."

அக்கா திரையில் அந்த முழங்கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பதில் எழுதுங்க. படம் தோள் வரைக்குந்தான் வந்துச்சு, லைனு சரியில்லன்னு எழுதுங்க. புள்ள ஒளிச்சத நான் பாத்தேன்னு தெரிய வேணாம். லீவு கெடச்சா வரச் சொல்லுங்க, நேர்ல பாத்துக்கிறேன்."

நானும் எழுதினேன். அத்தனை நாள் எந்த லைனோடு மல்லுக்கட்டினேனோ, அதையே குற்றம் சொல்லி எழுதும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சின்னக் கடிதம் மட்டும் ஒரு நொடியில் போய்ச் சேர்ந்தது.

நானாவின் கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி விற்கிறார்கள். மோடத்தின் கீச்சொலியை இன்றைய பிள்ளைகள் கேட்டதில்லை. பஸ் தரிப்பில் அந்தப் பெண்ணின் வீடியோ மறுபடி ஓடத் தொடங்கியது. அவள் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏங்க, கண்ணெல்லாம் செவந்திருக்கு? அழுதீங்களா?"

அந்தப் பக்கமிருந்து பதில் வரவில்லை. லைன் நன்றாகத்தான் இருந்தது.