பாம்பூஃப்ளாட் வீட்டில் பதினேழாவது சிப்பாய்

பழைய பிரெஞ்சு மரச் சதுரங்கக் காய்களைத் தேடி அலைகிறவன் நான் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். காரைக்கால், புதுச்சேரி வீடுகளில் முன்பு கிடைத்துக்கொண்டிருந்தவை இப்போது அநேகமாகத் தீர்ந்துவிட்டன. அதனால்தான் போன ஜூனில் அந்தமானிலிருந்து கலா என்ற பெண் நான்கு புகைப்படங்கள் அனுப்பியபோது, மழைக்காலம் என்று தெரிந்தும் டிக்கெட் போட்டேன். அவருடைய தாத்தா காரைக்காலில் ஒரு பிரெஞ்சு அதிகாரியிடம் எழுத்தராக இருந்தவர். அதிகாரி ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன செட். "அப்பா விக்க மாட்டார் சார். ஆனா என்ன பழசு, எந்த வகைன்னு யாராவது சொன்னா சந்தோஷப்படுவார்" என்று எழுதியிருந்தார்.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஷாதிபூரில் அறை எடுத்தேன், நாள் வாடகை 1,400 ரூபாய். சுத்தமான அறை, ஆனால் சுவரெல்லாம் ஈரம். ஊருக்குப் பெயர் மாற்றியாகிவிட்டது. ஆட்டோக்காரர்கள் இன்னும் போர்ட் பிளேர் என்றுதான் சொல்கிறார்கள். மறுநாள் காலை சாத்தம் ஜெட்டிக்கு ஆட்டோவில் போனேன், 150 ரூபாய். "ஃபெரி சலேகா கி நஹீன், ஓடுமான்னு பார்க்கணும் அண்ணா. காத்து ஜாஸ்தி" என்றார் ஓட்டுநர். ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு ஃபெரி கிளம்பியது. துறைமுகத்தைக் கடந்து அக்கரையிலுள்ள பாம்பூஃப்ளாட்டை அடைய இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

கலா ஜெட்டிக்கே வந்திருந்தார். முப்பது வயதைத் தாண்டியவர், பத்துபஸ்தியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. அவருடைய அப்பா சிங்காரவேலுவுக்கு எழுபதுக்கு மேல், மனைவி இல்லை. நான் போனபோது பலகையில் காய்களை அடுக்கி வைத்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

பிரெஞ்சுக் காய்களில் ரீஜென்ஸ் என்றொரு வகை உண்டு. ஒல்லியாக, உயரமாக, தட்டுகளை அடுக்கியது போன்ற கழுத்தோடு இருக்கும். ராஜாவும் ராணியும் சட்டென்று வித்தியாசம் தெரியாது. பிஷப்பின் தலையில் வெட்டு இருக்காது, வெறும் உருண்டைதான். சிங்காரவேலுவின் செட் அப்படியே இருந்தது. புகைப்படத்தில் நான் மயங்கியதும் அதற்குத்தான். ஆனால் ராஜாவைக் கையில் எடுத்ததும் எடை குறைவாகத் தோன்றியது. அடியில் உப்புத்தாள் தேய்த்த கோடுகள் தெரிந்தன. நான்கு குதிரைகளின் பிடரியும் ஒரே அச்சு. கையால் செதுக்கியிருந்தால் அப்படி வராது.

நான் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைச் சிப்பாயை எடுத்து வைத்தார்.

"இது எக்ஸ்ட்ரா. ரெண்டு வருஷம் முன்னாடி பாலிஷ் போடக் கொடுத்தப்ப இது காணாம இருந்துச்சு. அந்தத் தம்பி புதுசா ஒண்ணு செஞ்சு போட்டு, முழு செட்டா திருப்பிக் கொடுத்துச்சு. இது போன மாசம் பீரோவை நகத்தினப்பதான் கிடைச்சது."

"எங்க கொடுத்தீங்க?"

"மெயின்லேண்டுக்கு எடுத்துட்டுப் போச்சு. கலா ஸ்கூல்ல கட்டட வேலைக்கு வந்த பிள்ளை. ஒரு பைசா வாங்கலை."

அந்தச் சிப்பாய் கையில் கனத்தது. தேன் நிறம், விரல் படும் இடத்தில் மட்டும் பளபளப்பு. வெர்னியர் அளவியை வைத்து விட்டத்தை அளந்து பார்த்தேன். பாக்ஸ்வுட் என்கிற அந்த மரம் வயதாக ஆக ஒரு பக்கமாகச் சுருங்கும். வட்டமாகக் கடைந்த காய் லேசாக முட்டை வடிவமாகிவிடும். இது முட்டை வடிவமாகியிருந்தது. பலகையில் இருந்த எல்லாமே அச்சு வட்டம்.

"என்ன சார் தெரியுது?" என்றார்.

"ஐயா, உங்க அப்பா கொண்டுவந்தது இந்த ஒரு சிப்பாய்தான். மத்ததெல்லாம் புதுசு."

அவர் அடுப்படிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட சொல்லாதீங்க. அந்தப் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தது அவதான்."

கலா டீயோடு வாசற்படியில் நின்றிருந்தார். "கேட்டுட்டேன்பா."

தட்டை வைத்துவிட்டு போனை எடுத்தார். அந்தப் பிள்ளையின் எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. அவர் முகத்தைப் பார்த்தால், அது அவருக்குப் புதிய செய்தி இல்லை என்று தெரிந்தது.

"ஜானே தோ" என்றார் சிங்காரவேலு. "போனது போகட்டும். ஸ்டேஷன் அது இதுன்னு கிளம்பாதே. சின்ன ஊரு. உன்னைத்தான் பேசுவாங்க."

திரும்பும் ஃபெரியில் கலாவும் வந்தார். மழை உள்ளே அடித்ததால் நடுவில் நின்றுகொண்டோம். பாதித் தூரத்தில் சொன்னார்.

"கல்யாணம் பண்ணிக்கறேன்னு சொன்னார் சார். செட்டைத் திருப்பிக் கொடுத்தப்புறம் போன் எடுக்கறதைக் குறைச்சுக்கிட்டார். அப்புறம் நம்பரே இல்லை. நான் என்ன தப்பாப் பேசிட்டேன்னு ரெண்டு வருஷமா யோசிச்சுட்டிருந்தேன்." பிறகு, "செட்டுக்காகவேதான் வீட்டுக்கு வந்தாரா?" என்று கேட்டார்.

"தெரியலைம்மா" என்றேன். எனக்கு மரத்தைப் பற்றித்தான் தெரியும்.

சாத்தத்தில் இறங்கியதும், நான் பார்த்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். "எதுக்கு?" என்றேன். "கம்ப்ளெயிண்ட் என் பேர்ல கொடுக்கப் போறேன்" என்றார். ஜெட்டி பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். இத்தனை வருடத்தில் நூற்றுக்கணக்கான காய்களைப் பார்த்து மதிப்பு சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எழுதியதை இரண்டு தடவை படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

இதேபோல் போக நினைப்பவர்களுக்கு: ஜூன் முதல் செப்டம்பர் வரை தவிர்ப்பது நல்லது. போனால் ஃபெரி நிற்கும் நாளுக்கென்று ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வெர்னியரும் சின்னத் தராசும் கையில் இருக்கட்டும், படத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். உங்கள் வீட்டிலேயே பழைய செட் இருந்தால் ஒவ்வொரு காயின் அடிப்பக்கத்தையும் படம் எடுத்து, எடையையும் குறித்து வையுங்கள். பழைய காய்க்குப் பாலிஷ் தேவையில்லை, உலர்ந்த துணி போதும். சும்மா செய்து தருகிறேன் என்று எவர் கேட்டாலும் வீட்டை விட்டு வெளியே அனுப்பாதீர்கள்.

போன வாரம் கலா கூப்பிட்டார். புகாரை வாங்கிக்கொண்டார்களாம், ஆள் இன்னும் கிடைக்கவில்லை. பள்ளியில் விஷயம் பரவிவிட்டது. அப்பா அன்றிலிருந்து அவரோடு பேசுவதில்லை என்றார்.

"கஷ்டமா இல்லையா?" என்றேன்.

"இருக்கு சார். அவர் பேசலை. நான் பேசிட்டுத்தான் இருக்கேன்."