'டெஸ்ட்' என்று பெயர் வைத்த செயலி

இன்று நடந்ததில் எதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ராஜபாளையம் மில் ஒன்றின் கம்ப்யூட்டர் வேலையை என் அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டிலிருந்தே பார்க்கிறாள். மாலையில் மில்லின் கிளவுட் கணக்கில் பதிந்து கிடந்த பழைய செயலிகளை, கட்டளை தட்டி அழித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றின் பெயர் 'டெஸ்ட்'.

"இது எதுக்குக்கா?"

"யாரோ சோதிச்சுப் பாத்துட்டு விட்டுட்டுப் போயிருக்காவ." என்டரைத் தட்டினாள்.

சற்று நேரத்தில் மில் வாட்ச்மேன் போன் செய்தார். "ஏம்மா, அட்டெண்டன்ஸ் மெஷின் ஓடல. ஷிப்ட் ஆளுக அம்புட்டுப் பேரும் கேட்டுல நிக்காவ. லேட்டானா அரை நாள் சம்பளம் போயிரும்!"

"ஏட்டி, பேசாம இரு" என்றாள் அக்கா. நான் பேசவே இல்லை.

அந்த மெஷின் 'டெஸ்ட்' வழியாகத்தான் ஓடியிருக்கிறது. அழித்தவை கொஞ்ச நாள் தங்கும் பட்டியலில் தேடி, அதை மீட்டாள்.

"உள்ள போயிட்டாவம்மா" என்றார் வாட்ச்மேன்.

"பேரையாவது மாத்துக்கா."

"போடி, இனி அதத் தொடவே மாட்டேன்."

உங்கள் ஆபீஸிலும் 'டெஸ்ட்' இருக்கிறதா? சொல்லுங்கள். இங்கே வீட்டில் படுக்க விளக்கை அணைத்துவிட்டார்கள்; இத்துடன் நிறுத்துகிறேன்.